செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: செயற்குழுவில் எம்.பி.ஏ. மாணவர்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான சங்க நடவடிக்கைகளைத் தங்கள் முன் வைக்கிறேன். மாலை நேரப் படிப்பு மையங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை, எம்.பி.ஏ. பயிலும் மாணவர் இருவரை ஓராண்டுக் காலம் நம் செயற்குழுவில் அமர்த்திய புதிய முயற்சிக்கு ஒதுக்குகிறேன்.

அமெரிக்காவில் இம்முறை பல ஆண்டுகளாக நடப்பில் உள்ளது. ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி, கெல்லாக் முதலிய மேலாண்மைப் பள்ளிகள் தம் மாணவர்களை அருகிலுள்ள தொண்டு நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்களுக்கு அனுப்புகின்றன. மாணவர்கள் கூட்டங்களில் அமரலாம், பேசலாம். ஆனால் வாக்களிக்க இயலாது. குழு உறுப்பினர் ஒருவர் வழிகாட்டியாக இருப்பார். அந்த நிறுவனத்துக்குத் தேவையான ஒரு வேலையை மாணவர் முடித்துக் கொடுப்பார். இதை நம் துணைத்தலைவர் எடுத்துரைத்தபோது, படிக்கிற பிள்ளைகள் முன்னால் நம் கணக்கு வழக்கை ஏன் விரித்து வைக்க வேண்டும் என்று மூத்த உறுப்பினர் சிலர் கேட்டனர். நன்கொடையாளர்களின் விவரங்கள் நம் கையில் இருக்கும்போது அக்கேள்வி நியாயமானதே. அதனால்தான் கூட்டத்தில் கேட்டதை வெளியில் பேசுவதில்லை என்று இருவரிடமும் முதல் நாளே எழுதி வாங்கினோம்.

சட்டப்படி இதில் சிக்கல் எதுவும் எழவில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, செயற்குழுவில் மூவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றும், அவர்களின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மிகக் கூடாது என்றும் கூறுகிறது. மாணவர்கள் இருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், சிறப்பு அழைப்பாளர்கள் மட்டுமே. எனவே கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையில் அவர்கள் சேரவில்லை; காசோலையில் கையொப்பமிடவில்லை; செயற்குழுவில் மாற்றம் என்று மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டிய தேவையும் எழவில்லை.

மாணவி பாலக்கோட்டைச் சேர்ந்தவர். தொடக்கக் கூட்டங்களில் நிகழ்ச்சிநிரலைப் பார்த்தபடி அமைதியாக அமர்ந்திருந்த அவர், ஆகஸ்டு மாதக் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுப்பினார். வங்கியில் இருப்பு இருக்கும்போது மைய ஆசிரியர்களின் மதிப்பூதியத்தை ஏன் அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறோம் என்பதே அது. பொருளாளர் பேரேட்டைத் திருப்பிக் காட்டி, அந்த இருப்பில் பெரும்பகுதி ஓசூரிலுள்ள ஒரு நிறுவனம் பள்ளிக் குடிநீர்ப் பணிக்கென்றே வழங்கியது என்றும், அதிலிருந்து ஒரு ரூபாயைக்கூட ஊதியத்துக்கு எடுக்க இயலாது என்றும் விளக்கினார். நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவின்படி, நிகர லாபம் குறைந்தது ஐந்து கோடி ரூபாயோ, விற்றுமுதல் குறைந்தது ஆயிரம் கோடியோ, நிகர மதிப்பு குறைந்தது ஐந்நூறு கோடியோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பதை அம்மாணவி பாடத்தில் படித்திருந்தார். அந்தத் தொகையைப் பெறுகிற சிறிய சங்கத்தில், பணம் கண்ணெதிரே இருந்தும் கை வைக்க இயலாத நிலையை அன்றுதான் கண்டார்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் ஒரே தாளில் ஓர் அட்டவணை தயாரித்து வந்தார். மேலே பன்னிரண்டு மாதங்கள். இடப்பக்கம் குறித்த பணிக்கென வந்த தொகை, வலப்பக்கம் சங்கம் விருப்பம்போல் செலவிடக்கூடிய தொகை. ஊதியத்துக்குப் பணம் போதாத மாதங்கள் சிவப்பு மையில். தம் தந்தையின் தக்காளி மண்டியில் விவசாயிக்குச் சேர வேண்டிய பணமும் கமிஷனும் ஒரே கல்லாவில் கிடந்தாலும் கணக்குப் புத்தகம் வேறு வேறு என்று அவர் கூறியது, நம் மூத்த உறுப்பினர்களுக்கும் உடனே விளங்கிற்று. அத்தாளின் நகல் இன்று அலுவலக பீரோ கதவின் உட்புறம் ஒட்டப்பட்டுள்ளது. மாதந்தோறும் சிறு தொகை வழங்கும் நன்கொடையாளர்களை நாடுவது என்ற தீர்மானம் அதிலிருந்தே பிறந்தது.

மாணவர் பென்னாகரம் பகுதியைச் சேர்ந்தவர். அங்குள்ள நம் மையம் ஒன்றில் வருகை குறைந்துவந்ததால் அதை மூடிவிடலாமா என்று செயற்குழு ஆலோசித்து வந்தது. அவர் வருகைப் பதிவேடுகளை எடுத்துச் சென்று, வீடு வீடாகப் பெற்றோரிடமும் பாட்டிமார்களிடமும் பேசி, வேலைக்காகப் பெற்றோர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்லும் மாதங்களில்தான் வருகை சரிகிறது என்றும், அப்போது வீட்டுப் பொறுப்பு மூத்த பெண் பிள்ளைகளின் மேல் விழுகிறது என்றும் எழுதிக் கொடுத்தார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசி இடத்தில், 68.54 விழுக்காட்டில் நின்றது நம் தர்மபுரி மாவட்டம். இங்கே ஒரு மையத்தை மூடும் முடிவை எண்ணிக்கையை மட்டும் பார்த்து எடுத்துவிட முடியாது. மையம் தொடர்கிறது, தம்பி தங்கையரையும் உடன் அழைத்துவர அனுமதித்துள்ளோம்.

நன்கொடையாளர்கள் வருமான வரிச் சலுகை பெறுவதற்கான 80ஜி சான்றிதழ்ப் பணியிலும் இருவரும் உதவினர். அவ்வாண்டின் விதிப்படி, நன்கொடை விவரங்களை வருமான வரித் துறையிடம் 10பிடி படிவத்தில் மே 31-க்குள் தாக்கல் செய்யத் தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் விழும் என்றிருந்தது. பான் எண் விடுபட்டிருந்த நன்கொடையாளர்களைப் பொருளாளர் முன்னிலையில் அழைத்துப் பேசி, விவரங்களை உரிய காலத்தில் திரட்டினர்.

இம்முயற்சி பயன் தந்ததற்குக் காரணம், அவர்களுக்கு நாம் உண்மையான வேலை கொடுத்தது என்பதே என் உறுதியான கருத்து. மாணவர்கள் என்றால் விழாவில் புகைப்படம் எடுக்கவும், கணினியில் தட்டச்சு செய்யவும், நாற்காலி போடவும் என்றே பல சங்கங்களில் வழக்கமாகிவிட்டது. இன்னொரு பக்கம், ஒரு கல்லூரியிலிருந்து, கூட்டங்களுக்கு வராமலேயே பயிற்சிச் சான்றிதழ் வழங்க இயலுமா என்று கேட்டு நமக்குக் கடிதம் வந்தது. இயலாது என்று பதில் எழுதினோம். பணம் போதாதபோது எதை விடுவது, எதைக் காப்பது என்று பெரியவர்கள் குரல் உயர்த்தி வாதிடுவதையும், பின்னர் ஒரு தீர்மானத்தில் ஒன்றுகூடுவதையும் மாணவர் நேரில் காண வேண்டும். தேர்வுத்தாளில் அது கிடைக்காது. நமக்கும், இருபத்திரண்டு வயதில் ஒருவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதால், பழக்கத்தில் நடந்துவரும் காரியங்களை மீண்டும் எண்ணிப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டுகிறது.

மாணவர் இருவருக்கும், ஓராண்டு முழுவதும் அவர்களுக்கு வழிகாட்டிய துணைத்தலைவருக்கும் பொருளாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றியைப் பதிவு செய்கிறேன்.

2025–26-ஆம் ஆண்டுக்கும் இருவரைச் சிறப்பு அழைப்பாளர்களாக ஏற்கவும், அவர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருக்கவும், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதி மாணவர்களுக்கு முன்னுரிமை தரவும், பேருந்துச் செலவைச் சங்கமே ஏற்கவும், செயற்குழுக் கூட்டங்களைத் தேர்வு நாட்களுக்கு இடையூறின்றி அமைக்கவும் செயற்குழு பரிந்துரைத்துள்ளது. இப்பரிந்துரையைத் தீர்மானமாக முன்மொழிந்து, விவாதத்துக்கும் ஒப்புதலுக்கும் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்
தர்மபுரி