தொடுதிரைக்கு முன் ஒரு தொழில்நுட்ப உதவியாளர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரிலும் கோலார், தங்கவயல் வட்டாரத்திலும் உள்ள சிறிய மருத்துவ, செவிலியர் கல்லூரிகள் இணையவழிக் கற்பித்தலுக்குப் பணம் ஒதுக்கினால் பெரும்பாலும் முதலில் வருவது சுவரை அடைக்கும் தொடுதிரை. அடுத்து, ஆண்டுச் சந்தா கட்டும் ஒரு பாடத்தளம். இரண்டும் வந்து சேர்ந்த பிறகுதான், கடவுச்சொல்லை மறந்த மாணவிக்கு அதை மாற்றித் தரக்கூட ஆள் இல்லை என்பது தெரியவரும். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து இங்கே செவிலியர் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுடைய பெற்றோர் கட்டும் கட்டணமும் இதில் இருப்பதால் இதை உங்களுக்கு எழுதுகிறோம்.

ஐடி நகரத்தில் இணையத்துக்கு என்ன குறை என்று கேட்கலாம். மருத்துவமனையின் தடித்த சுவர்களுக்குள்ளும் தரைக்குக் கீழே இருக்கும் வகுப்பறையிலும் கைபேசிக்குச் சிக்னல் எட்டுவதில்லை. விடுதியில் ஒரே இணைப்பை எல்லோரும் பங்கிடும்போது இரவு ஒன்பது மணிக்கு மேல் எதுவும் நகராது. ஆகவே பாடத்தைத் தயாரிக்கும்போதே எடையைக் குறைக்க வேண்டும். ஒரு மணி நேர விரிவுரையைக் கைபேசிக் கேமராவில் முழு எச்டி தரத்தில் எடுத்தால் கோப்பு 7 ஜிபியைத் தாண்டிவிடும். நாளுக்கு 1.5 ஜிபி திட்டத்தில் இருப்பவருக்கு அது கிட்டாது. அதையே ஸ்லைடும் குரலுமாகத் திரைப்பதிவு செய்து, நொடிக்கு 10 சட்டகம் (படம்), படத்துக்கு 200 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட் தரவு), ஒற்றைத் தட ஒலிக்கு 48 கேபிபிஎஸ் என்று சுருக்கினால் ஒரு மணி நேரப் பாடம் 112 எம்பி, பத்து நிமிடத் துண்டு 19 எம்பிக்குள். ஸ்லைடு அசையாமல் நிற்பதால் எழுத்தும் பெரிதாக மங்காது. இப்படிச் சுருக்க ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளே போதும். எச்.265 என்ற புதிய வீடியோ சுருக்க முறை கோப்பை இன்னும் சிறிதாக்கும்தான், ஆனால் பழைய கைபேசிகள் பலவற்றில் ஓடாது, பழைய முறையான எச்.264-லேயே நிறுத்திக்கொள்வது நல்லது. இப்படி 200 துண்டுகள் சேர்ந்தாலும் 4 ஜிபிதான், ஒரு பென் டிரைவில் விடுதிக்கு அனுப்பிவிடலாம். நோயாளியின் நடை, வலிப்பு, குழந்தையின் மூச்சுத்திணறல் போல அசைவே பாடமாக இருக்கும் காட்சிகளுக்கு மட்டும் இந்தச் சுருக்கம் ஆகாது. அவற்றுக்கு நொடிக்கு 25 சட்டகம் வேண்டும். நீளத்தை ஒரு நிமிடத்துக்குள் வைத்துக்கொண்டால் எடை ஏறாது.

படம் சுமாராக இருந்தால் மாணவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், குரலில் இரைச்சல் கலந்தால் இரண்டாவது நிமிடத்தில் மூடிவிடுவார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, திரைச்சீலை உள்ள சிறிய அறையில், சட்டையில் குத்தும் சில நூறு ரூபாய் மைக்கோடு பேசினால் போதும். பதிவு அறை கட்டுவதற்குச் செலவிடும் பணம் எங்கள் பார்வையில் வீண்.

அடுத்தது கல்லூரிக்குள்ளேயே ஒரு சிறு சர்வர், அதாவது பாடங்களை வைத்திருந்து எல்லோருக்கும் வழங்கும் கணினி. 10 எம்பிபிஎஸ் இணைப்பில் 100 பேர் ஒரே நேரத்தில் 19 எம்பி கோப்பை இறக்கினால், வேறு யாரும் அந்த இணைப்பைத் தொடாவிட்டால்கூட, 25 நிமிடம் பிடிக்கும். அதே கோப்பை ஒரு முறை உள்ளூர்க் கணினியில் இறக்கி வைத்துவிட்டால் வைஃபை மூலம் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம், வெளி இணையமே தேவைப்படாது. இதற்குப் பழைய மேசைக் கணினியோ ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியோ போதும். அதில் பாடங்களையும் தேர்வுகளையும் நடத்த உதவும் மூடில், கோலிப்ரி என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். ஆனால் சறுக்கும் இடங்கள் உண்டு. ராஸ்பெரி பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அதற்குரிய மின் அடாப்டர் வேண்டும். கையில் கிடைத்த கைபேசி சார்ஜரைச் செருகினால் மின்னழுத்தம் தாழ்ந்து, நடு வகுப்பில் தானாக அணைந்து எழும். மின்சாரம் திடீரென்று போனால் மெமரி கார்டு எளிதில் கெடும் என்பதால் எஸ்எஸ்டியில் ஓட்டி, ஒரு சிறிய யுபிஎஸ்ஸும் வைக்க வேண்டும். அந்தக் கணினிக்குள் கடிகார பேட்டரி கிடையாது. இணையம் இல்லாத நேரத்தில் அணைந்து எழுந்தால் பழைய நேரத்தைக் காட்டும், பத்து மணிக்குத் திறக்க வேண்டிய தேர்வு திறக்காது. டிஎஸ்3231 என்ற சிறு கடிகாரத் துண்டைப் பொருத்தினால் இந்தத் தொல்லை தீரும்.

இன்னொன்றை அநேகமாக யாரும் எதிர்பார்ப்பதில்லை. இணையம் இல்லாத வைஃபையில் சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு கைபேசி தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். மாணவி "சர்வர் வரவில்லை" என்பார், சர்வர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். "இணையம் இல்லாவிட்டாலும் இணைப்பிலேயே இரு" என்ற தெரிவை அழுத்தவோ டேட்டாவை அணைக்கவோ சொல்லித்தர வேண்டும். வீட்டு ரவுட்டர் 20, 30 கருவிகளுக்கு மேல் திணறும். அறுபது பேர் வகுப்புக்கு இரண்டு வேண்டும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஆளுக்கொன்றாக அவற்றைப் பிரித்து வைக்க வேண்டும்.

இணையத் தேர்வு சரிவதற்குக் காரணம் வினாக்களின் எண்ணிக்கை அல்ல. எல்லோரும் ஒரே நொடியில் "தொடங்கு" பொத்தானை அழுத்துவதுதான் சர்வரைச் சாய்க்கிறது. முப்பது முப்பது பேராக, ஐந்து நிமிட இடைவெளியில் திறந்தால் 4 ஜிபி நினைவகம் உள்ள கணினிகூடச் சமாளிக்கும். எக்ஸ்ரே, ஈசிஜி படங்களை 100 கேபி அளவுக்குக் குறைத்து ஏற்றலாம், ஆனால் ஈசிஜியின் சிறு கட்டங்கள் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று மலிவான கைபேசியில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். தேர்வு முடிந்த பின் மூடில் தரும் வினாப் பகுப்பாய்வைப் பலர் திறப்பதே இல்லை. நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்டு, மற்றவர்கள் சரியாகப் போட்ட வினா அதில் எதிர்மறை எண்ணாகத் தெரியும். அப்படி வந்தால் பெரும்பாலும் விடைக்குறிப்பே தவறு.

மருத்துவக் கல்வியில் இணையவழி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்ற கோடு செய்முறையில்தான் தெளிவாகத் தெரியும். 2019-ல் வந்த திறன்சார் பாடத்திட்டம் எம்பிபிஎஸ் மாணவர் குறிப்பிட்ட திறன்களைச் செய்து காட்ட வேண்டும் என்கிறது. இதற்கு, செய்முறையைக் கற்பிக்க மருத்துவர் பெய்டன் வகுத்த நான்கு படி முறை பொருந்தும். முதலில் ஆசிரியர் பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்வார். இரண்டாவது, அதையே விளக்கத்தோடு மெதுவாகச் செய்வார். மூன்றாவது, மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார். நான்காவதில் மாணவரே சொல்லிக்கொண்டு செய்வார். முதல் இரண்டையும் தாராளமாக வீடியோவுக்குத் தள்ளலாம், கடைசி இரண்டையும் தள்ள முடியாது. தொண்ணூறு நிமிட வகுப்பில் ஆறு பேர் இருந்து, செய்து காட்டவே அரை மணி நேரம் போனால் ஒருவருக்குப் பத்து நிமிடம் மிஞ்சும். அந்த அரை மணி முன்கூட்டியே வீடியோவில் முடிந்திருந்தால் பதினைந்து நிமிடம். சிரைக்குழாய் (டிரிப் ஏற்ற இரத்தக்குழாயில் செருகும் சிறு குழாய்) ஏற்றிப் பழக விலையுயர்ந்த பொம்மைக் கை இல்லாவிட்டால், சிவப்புச் சாயம் கலந்த நீரை நிரப்பிய பழைய டிரிப் குழாயை ஸ்பாஞ்சுக்குள் பதித்து, மேலே கையுறைத் துண்டைப் போர்த்திக்கொள்ளலாம். ஊசி சரியாக நுழைந்தால் சாயம் பின்னால் ஏறித் தெரியும். இதயம் நின்றவருக்குச் செய்யும் மார்பு அழுத்தப் பயிற்சிக்கு மட்டும் இப்படிச் சமாளிப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை என்ற வேகத்தைத் தலையணையில் பழகலாம், பெரியவர்களுக்கான 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்தைப் பழக முடியாது.

இந்த ஏற்பாடு உடைவதும் ஒரே விதமாகத்தான். பாதிப் பேர் வீடியோவைப் பார்க்காமல் வருவார்கள். ஆசிரியர் மனமிரங்கி மறுபடி செய்து காட்டுவார். அடுத்த வாரம் யாருமே பார்க்க மாட்டார்கள். ஐந்து வினா, நான்கு சரி என்றால்தான் உள்ளே என்று வாசலில் வைத்துவிட்டு, தவறியவரை அங்கேயே ஒரு கைபேசியில் பார்க்க வைத்துவிட்டு அனுப்ப வேண்டும். கடுமையாகத் தோன்றினாலும் வேறு வழி தெரியவில்லை.

நோயாளிகளின் படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் பாடத்துக்குத் தந்த ஒப்புதல் ஆகாது. நோயாளிக்குப் புரியும் மொழியில், தனித் தாளில் வாங்க வேண்டும். கண்ணின்மேல் கறுப்புப் பட்டை ஒட்டினால் ஆளை மறைத்ததாகாது. பவர்பாயின்ட்டில் எக்ஸ்ரேயின் பெயர் மூலையை வெட்டினாலும் அந்தப் பகுதி கோப்புக்குள்ளேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் மீட்கலாம். படத்தைச் சுருக்கும் தெரிவில் "வெட்டிய பகுதிகளை நீக்கு" என்று கொடுத்த பிறகே பகிர வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அது அத்தனை பேருடைய கேலரியிலும் போய் உட்காரும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே இயற்றப்பட்டுவிட்டது என்பதைக் கல்லூரி நிர்வாகங்கள் கவனிக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் தானாக நடக்காது. பெங்களூரின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிமான்ஸ் பின்பற்றும் எக்கோ முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா தொடங்கியது அது. தொலைவில் இருக்கும் மருத்துவர்கள் வீடியோ வழியே கூடி, நோயாளி விவரங்களை நிபுணர்களோடு அலசுவார்கள். அதில் நிபுணரோடு ஒருங்கிணைப்பாளருக்கும் தொழில்நுட்ப உதவிக்கும் தனி இடம் உண்டு. நம் சிறிய கல்லூரிகளில் அந்த வேலைகள் மொத்தமும், கணினி கொஞ்சம் தெரிந்த இளைய விரிவுரையாளர் ஒருவர் தலையில் விழுகின்றன. அவர் வேலை மாறிப் போனால் சர்வரின் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும்.

பத்து நிமிடப் பாடம் ஒன்றை முதன்முறை தயாரிக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். அதை வாராந்திரக் கால அட்டவணையில் கற்பித்தல் நேரமாகவே கணக்கில் எடுக்க வேண்டும். உதவியாளருக்கான வேலைகளும் எழுத்தில் இருக்க வேண்டும்: கணக்குகளைத் திறப்பது, கோப்புகளைச் சுருக்கி ஏற்றுவது, வாரம் ஒரு முறை காப்புப்பிரதி எடுப்பது. மூடிலில் தரவுத்தளம், கோப்புறை இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும், ஒன்றை விட்டால் மற்றது பயன்படாது. மாதம் ஒரு முறை அந்தப் பிரதியை வேறு கணினியில் மீட்டுப் பார்ப்பதும் அவர் வேலைதான். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

முழுநேரச் சம்பளம் கட்டுப்படியாகாது என்று சொல்லும் கல்லூரிகள் அக்கம்பக்கத்தில் மூன்றாகச் சேர்ந்து, ஆளுக்கு இரண்டு நாள் என்று ஒருவரையே அமர்த்திக்கொள்ளலாம். மூன்று கல்லூரிகளும் ஒரே நாளில் இணையத் தேர்வு வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
மருத்துவ, செவிலியர் கல்லூரி ஆசிரியர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு