கடற்கரைச் சிற்பத்துக்கு எந்த இரும்பு?

ஆசிரியருக்கு,

மும்பையில் 1817-ல் தேக்கில் கட்டிய 'டிரிங்கோமாலி' கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் நிற்கிறது. அதைக் கட்டிய கைகளுக்கு இங்கே கடலோரம் சிற்பம் வைத்தால் நல்லதுதான். ஆனால் துருநிற அழகுக்காக, மேல்துருவே இறுகிக் காப்பாகும் கார்ட்டென் இரும்பை எடுக்காதீர்கள். உப்புக்காற்றில் அந்தத் துரு இறுகாது. அடுக்கடுக்காக உரிந்து, பீடமெல்லாம் செங்கறை வழியும். 304 ரக எவர்சில்வரும் புள்ளி புள்ளியாக அரிக்கும். 316 ரகம் வேண்டும், போல்ட் உட்பட. எவர்சில்வர் சாதா இரும்புச் சட்டத்தோடு சேரும் இடத்தில், இரண்டும் நேரே தொடாதபடி நைலான் வாஷர் போடாவிட்டால் சட்டம்தான் முதலில் போகும். உள்கூடான பாகங்களின் அடியில் 12 மி.மீ. வடிகால் துளை விடுங்கள். தேங்கும் மழைநீர்தான் எமன்.

சிற்பத்தில் மேஸ்திரியின் உருவத்தை மட்டும் வைத்துவிட்டுப் போகவும் வேண்டாம். பின்னால் வந்த இரும்புக் கப்பல் காலத்தில், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிக்க ஒரு குழுவே வேண்டும்: காய்ச்சுபவர், பிடிப்பவர், பின்னால் முட்டுக்கொடுப்பவர், சுத்தியல்காரர். அவர்களையும் வையுங்கள்.

- வாசகர், மாட்டுங்கா, மும்பை