வாசல் எந்த நாட்டில்?

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அம்மாவுக்குத்தான் இன்னும் இரவு இரண்டு மணி வரை தூக்கம் வருவதில்லை.

பார்க்கிறவர்கள் எல்லாம் ஆம்ஸ்டர்டாம் எப்படி என்று கேட்கிறார்கள். நான் நெதர்லாந்து-பெல்ஜியம் எல்லையில் இருக்கிற பார்லே ஊரின் கதையைத்தான் சொல்கிறேன். போகிற வழியில் எட்டிப் பார்க்கலாம் என்று நீ நிறுத்திய ஊரில் நாலு மணி நேரம் தரையையே பார்த்து நடந்தேன் என்று மாப்பிள்ளை கிண்டல் செய்தார். முப்பது வருஷம் சர்வே சங்கிலி இழுத்தவனை அங்கே கொண்டுபோய் விட்டால் வேறென்ன செய்வான்?

1198இல் பிரபாந்த் கோமகனும் ப்ரேடா பிரபுவும் அந்த வட்டாரத்து நிலத்தைப் பங்கு போட்டார்கள். இந்த வயல் உனக்கு, அந்தத் தோட்டம் எனக்கு என்று துண்டு துண்டாக. காலம் போகப் போக ஒருவர் பங்கு பெல்ஜியத்துக்கும் மற்றவர் பங்கு நெதர்லாந்துக்கும் போய்ச் சேர்ந்தது. துண்டுகள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. இன்றைக்கு நெதர்லாந்து மண்ணுக்குள் 22 பெல்ஜியத் துண்டுகள், அவற்றின் வயிற்றுக்குள் மறுபடி 7 நெதர்லாந்துத் துண்டுகள். உட்பிரிவுக்குள் உட்பிரிவு. எல்லையை முழுசாக அளந்து முடித்ததே 1995இல்தானாம். நம் தாலுகா ஆபீசைத் திட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

நடைபாதையில் வெள்ளைச் சிலுவைகளாக ஓடிய கோடு நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் ‘பி’, மறுபக்கம் ‘என்எல்’. அது நேரே ஒரு கடைச் சுவருக்குள் நுழைந்து பின்பக்கமாக வெளியே வந்தது. நான் சுற்றிப் போய்ப் பார்த்தேன், கோணம் பிசகவில்லை. 2020 ஊரடங்கில் இப்படிப்பட்ட ஒரு கடையில் பெல்ஜியப் பாதியை நாடா கட்டி அடைத்துவிட்டு, நெதர்லாந்துப் பாதியில் வியாபாரம் செய்தார்களாம்.

வீட்டுக்கு எந்த நாடு என்பதை வாசல் கதவு முடிவு செய்கிறது. சமையலறை பெல்ஜியத்தில் இருந்தாலும் வாசல் நெதர்லாந்தில் என்றால் வீடு நெதர்லாந்துதான். 1995 அளவீட்டில் தன் வாசல் வேறு நாட்டுக்குப் போய்விட்டது தெரிந்து, ஒரு பாட்டி கதவையும் ஜன்னலையும் இடம் மாற்றிக்கொண்டார் என்று அங்கே சொன்னார்கள். நம் ஊரில் வாஸ்துக்குச் செய்வதை அவர் தேசத்துக்குச் செய்திருக்கிறார்.

இன்னொன்றும் யோசித்தேன். பெல்ஜியத்தில் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடுவது கட்டாயம். நெதர்லாந்தில் அந்தக் கட்டாயத்தை 1970இலேயே எடுத்துவிட்டார்கள். ஆக, தேர்தல் நாளில் ஒரு வீட்டுக்காரர் வரிசையில் நிற்கணும், பக்கத்து வீட்டுக்காரர் விருப்பப்பட்டால் போதும். போனுக்கும் நாடு தெரியவில்லை. பத்து அடிக்கு ஒரு தரம் ‘பெல்ஜியத்துக்கு நல்வரவு’ என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. 2017இல் ரோமிங் கட்டணத்தை எடுக்கும் முன் இந்த ஊர்க்காரர்கள் பில்லைப் பார்த்து என்ன பாடுபட்டிருப்பார்கள்!

எனக்கு இது முழுக்கப் புதிது என்று சொல்ல மாட்டேன். பாகூர் பக்கம் பஸ்ஸில் போனால் புதுச்சேரி, தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி என்று மாறிக்கொண்டே வரும், ஒயின்ஷாப் போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். ஆனால் அது ஒரே தேசம். வங்கதேச எல்லையில், கூச் பிகார் பக்கம் இப்படிச் சிதறிக் கிடந்த 162 துண்டுகளை 2015இல் இரண்டு நாடுகளும் மாற்றிக்கொண்டன. அது சரியான காரியம். அந்த மக்கள் கரண்டும் பள்ளிக்கூடமும் இல்லாமல் கிடந்தார்கள். பார்லேயில் இரண்டு பக்கமும் விளக்கு எரிகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. அதனால் கோடு பாட்டுக்குக் கோடு கிடக்கிறது. அதன் மேலேயே பையன்கள் சைக்கிளைச் சாய்த்து வைக்கிறார்கள்.

சரி, எழுத உட்கார்ந்த காரணத்தை மறந்துவிட்டேன். காபி குடித்த இடத்தில் அம்மா குடையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். கறுப்புக் குடை, மரக் கைப்பிடி. நீ போன் செய்து கேட்கணும். கடையின் பேரை உன் போட்டோவில் பார்த்துக்கொள். அவளுக்கு ஒரு சந்தேகம் வேறு: கோடு நம் மேஜைக்கு அடியில் போனதே, குடை சாய்த்து வைத்திருந்த நாற்காலி எந்த நாட்டில் இருந்தது? பெல்ஜியம் என்கிறாள் அவள். நான் அளந்து பார்த்தவன், நெதர்லாந்துதான்.

அன்புடன்,
அப்பா