விரலை எடுத்தால் நிற்க வேண்டும்

அன்புள்ள முருகா,

உன் மெயில் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே செம்பூரில் மழை பிடித்துவிட்டது, மூன்று நாளாகத் துணி காயவில்லை.

எனக்கு இப்போது ஒரு விமான ஹேங்கர் வேலை. தண்டவாளத்தில் ஓடும் கதவுகள், ஏ320 உள்ளே வர வேண்டும், அதன் வாலே 11.76 மீட்டர் உயரம், அதனால் ஒவ்வொரு கதவும் 10 மீட்டர் அகலம், 14 மீட்டர் உயரம். கதவு செய்வது வேறு ஆள், கண்ட்ரோல் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதித் தருவது நான்.

கதவின் எடையை மட்டும் வைத்து மோட்டார் கணக்குப் போட்டிருந்தார்கள். காற்றை விட்டுவிட்டார்கள். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 875, மும்பைக்குக் காற்றின் வேகம் வினாடிக்கு 44 மீட்டர் என்கிறது, அந்தக் காற்றில் கதவைப் பூட்டித்தான் வைப்போம், சரி. ஆனால் 20 மீட்டர் காற்றிலேயே சதுர மீட்டருக்கு 240 நியூட்டன், ஒரு கதவின் மேல் கிட்டத்தட்ட 3.4 டன். அது கதவை மேல் கைடோடு சேர்த்து அழுத்தும்போது உராய்வு எவ்வளவு ஏறும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க விஎஃப்டி, பிரேக் மோட்டார், கதவு எங்கே வந்தது என்று காட்டும் லிமிட் ஸ்விட்சில் வேகம் குறைக்க ஒன்று, நிறுத்த ஒன்று, அதையும் தாண்டினால் சப்ளையை வெட்ட இன்னொன்று.

சண்டை பொத்தானில்தான். ஒரு தடவை தொட்டால் கதவு தானாகப் போய் மூட வேண்டுமாம். முடியாது என்று எழுதிவிட்டேன். பொத்தானைப் பிடித்திருக்கும் வரைதான் ஓட வேண்டும், விரலை எடுத்தால் நிற்க வேண்டும், பொத்தானும் கதவின் முன்விளிம்பு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். ஓசூரில் அந்த கேட்டில் ஹெல்பர் பையனுக்கு இரண்டு விரல் போனதே, நீயும்தானே ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினாய். ஸ்விட்ச் போட்டவன் டீ குடிக்கப் போயிருந்தான். அது எனக்கு இன்னும் மறக்கவில்லை. முன்விளிம்பில் எதன் மேலாவது பட்டால் கதவை நிறுத்தும் சேஃப்டி எட்ஜ், ஹூட்டர், சுழல் விளக்கு எல்லாம் கேட்டிருக்கிறேன், ஆனால் பார்த்துக்கொண்டு நிற்கும் மனுஷனுக்கு அவை ஈடாகாது.

அப்புறம் தீ. தீப்பிடித்தால் முதலில் மெயினை அணைப்பார்கள், விமானத்தை வெளியே இழுக்க வேண்டியதும் அதே நேரத்தில்தான். ஹேங்கர்களுக்கான அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி என்எஃப்பிஏ 409 படி கதவுக்குத் தனி சர்க்யூட், மற்ற கரண்ட் போனாலும் அது போகக் கூடாது. அதுவும் போனால் கிளட்சை விடுவித்து டிராக்டரால் இழுக்க ஒரு கொக்கி. கிளட்ச் விடுபட்டிருக்கும்போது மோட்டார் ஓடாதபடி இன்டர்லாக்கும் போட்டுவிட்டேன்.

உன்னிடம் கேட்க ஒன்று உண்டு. தண்டவாளக் குழியில் மழைத்தண்ணீர் நிற்கும், எலியும் வரும். லிமிட் ஸ்விட்சுக்கு லிவர் வைத்தது போடவா, தொடாமலே உணரும் ப்ராக்ஸிமிட்டியா? கிணற்றடி பேனல்களில் உனக்கு எது நின்றது என்று எழுது, வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

உன்,
சேகர்