நீ அனுப்புன ஸ்க்ரீன்ஷாட்

மாப்ள,

உன் வாய்ஸ் நோட்ட முழுசா கேட்டேன், பாதி திட்டு, பாதி இருமல். முதல்ல டாக்டர பாரு. இங்க எல்லாரும் நல்லாருக்கோம், அம்மாவுக்கு மழை வந்ததுல இருந்து முட்டி வலி கூடிருச்சு, சின்னவ ப்ளஸ் டூ, அதனால வீட்ல டிவி போட்டு மூணு மாசமாச்சு, நான் கடைலயே உக்காந்து மேட்ச் பாத்துக்கறேன்.

சரி விஷயத்துக்கு வர்றேன். கிரைண்டர் வாங்கி ரெண்டு மாசமாச்சு, இன்னும் ஸ்கோர் பாத்தா கிரைண்டர், ராசிபலன் பாத்தா கிரைண்டர்னு பொலம்பி ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புனியே, அந்த விளம்பரம் நம்ம கடையோடதுடா! ஆன்லைனுக்குன்னு தம்பி வேற பேர் வச்சிருக்கான், அதான் உனக்கு தெரியல. ஆக நீ நம்ம சைட்டுக்கே வந்து 2 லிட்டர் டேபிள் டாப் என்ன வெலைன்னு பாத்துட்டு, ஓசூர்ல எவன்கிட்டயோ கேஷ் குடுத்து வாங்கிருக்க. மாட்டுனியா.

அது உன்ன துரத்துறதுக்கு காரணமும் அதேதான். சைட்டுக்கு வந்தப்ப உன் குரோம்ல குக்கின்னு ஒரு சின்ன குறிப்பு விழுந்துருச்சு. பேரு கெடையாது, வெறும் நம்பர்தான், இந்த நம்பர்காரன் கிரைண்டர் பாத்தான் ஆனா வாங்கலன்னு. இங்கயே வாங்கிருந்தா ஆர்டர் ஆச்சுன்னு ஒரு பக்கம் வந்திருக்கும், உடனே வாங்காதவங்க லிஸ்ட்ல இருந்து சிஸ்டமே உன்ன எடுத்திருக்கும். ஓசூர்ல நீ நோட்ட எண்ணி குடுத்தது அதுக்கு எப்படி தெரியும்? போதாததுக்கு தம்பி 90 நாள் துரத்தட்டும்னு வச்சிருக்கான், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தன தடவதான்னு அளவும் வைக்கல, நேத்துதான் பாத்தேன், நல்லா வாங்கி கட்டிக்கிட்டான்.

நீ ஸ்கோர் பக்கத்த தொட்டதும் அது திறக்கறதுக்குள்ள, ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு நேரத்துல, அதுல இருக்கற காலி எடத்துக்கு ஏலம் நடந்து முடிஞ்சிருது. ஞாபகம் இருக்கா, உங்கப்பா கூட ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு போவோமே, கொப்பரைக்கு மறைமுக ஏலம், வியாபாரிங்க ஒவ்வொரு மூட்டையா கைய விட்டு பாத்துட்டு சீட்டுல வெல எழுதி போட்டுட்டு போவாங்க, பக்கத்துல இருக்கறவன் என்ன எழுதுனான்னு யாருக்கும் தெரியாது. அதே கததான், இங்க மூட்டைக்கு பதிலா நீ. என்ன போன், எந்த ஊரு, எந்த பக்கம் படிக்கற, உன் குக்கி நம்பர் எவன் லிஸ்ட்ல இருக்கு, இதான் அவங்க கைய விட்டு பாக்கறது. கிரைண்டர் பாத்த ஆளுன்னு நம்ம லிஸ்ட்ல இருக்கறதால நம்ம சீட்டுல வெல அதிகமா இருக்கும், உன்ன தெரியாத சோப்பு கம்பெனிக்காரன் கம்மியாதான் எழுதுவான். முன்னாடியெல்லாம் ஜெயிச்சவன் ரெண்டாவதா வந்தவன் சொன்ன வெலய ஒட்டி குடுத்தா போதும், 2019ல கூகுள் இந்த மாதிரி எடங்களுக்கு அத மாத்தி, என்ன எழுதுனியோ அதயே வைன்னுட்டாங்க. கொப்பரைக்கும் அப்படித்தான.

கூகுள்ல தேடுறப்ப மேல வர்ற விளம்பரம் வேற கணக்கு. 1998ல கோடூன்னு ஒரு கம்பெனி இருந்துச்சு, விளம்பரத்த ஒரு தடவ தொட்டா இவ்ளோ தர்றேன்னு எவன் அதிக காசு சொல்றானோ அவன் மேல, அவ்ளோதான். கூகுள் 2002ல காசோட, எத்தன பேர் அத தொடுவாங்கன்ற கணிப்பையும் சேத்து பெருக்க ஆரம்பிச்சுது. தர்மத்துக்கு இல்ல மாப்ள. 20 ரூபா சொன்னவன் விளம்பரத்த நூறு பேர் பாத்து ஒருத்தன் தொட்டா 20 ரூபா, 8 ரூபா சொன்னவன நூத்துக்கு அஞ்சு பேர் தொட்டா 40 ரூபா, நீயா இருந்தா யார மேல போடுவ?

இதுல நான் சூடு பட்டத சொல்லவே இல்லயே. எந்த வார்த்தைய தேடுனா நம்ம விளம்பரம் வரணும்னு நாமதான் சொல்லணும், மொத மாசம் கிரைண்டர்னு ஒத்த வார்த்தைய போட்டு விட்டுட்டேன். ஜனங்க தொடுறாங்க தொடுறாங்க, ஒரு ஆர்டர் இல்ல. அப்புறம் அவங்க என்ன தேடி வந்தாங்கன்ற லிஸ்ட்ட எடுத்து பாத்தா, ஆங்கிள் கிரைண்டர், கட்டிங் வீல், காபி கொட்ட அரைக்கற கிரைண்டர், கிரைண்டர் பெல்ட் எங்க கிடைக்கும், போதாக்குறைக்கு அதே மாதிரி பேர்ல இருக்கற ஒரு டேட்டிங் ஆப்ப தேடுனவங்க வேற! 3,800 ரூபா வெல்டிங் பட்டறைக்காரங்களுக்கு மாவு கிரைண்டர் காட்டியே போயிருச்சு. இப்ப ஆங்கிள், கட்டிங், காபி, ரிப்பேர் எல்லாத்தயும் வேண்டாத வார்த்தைன்னு போட்டு வச்சிருக்கேன். ரொம்ப புத்திசாலி சிஸ்டம்னு நெனைக்கற, இட்லிக்கு அரைக்கறதா இரும்பு அறுக்கறதான்னு நான்தான் சொல்லி குடுக்கணும்.

தங்கச்சி முட்டி வலின்னு சொன்ன மறுநாளே முட்டிக்கு போடற பெல்ட் விளம்பரம் வந்துச்சு, போன் ஒட்டு கேக்குதுன்னு சொன்னியே. 2018ல அமெரிக்கால நார்த்ஈஸ்டர்ன் யூனிவர்சிட்டில 17 ஆயிரத்துக்கு மேல ஆண்ட்ராய்டு ஆப்ப சோதிச்சு பாத்தாங்க, எதுவும் திருட்டுத்தனமா மைக்க போட்டு பேச்ச அனுப்புன மாதிரி சிக்கல, ஆனா சில ஆப் ஸ்க்ரீன்ல நீ பண்றத வீடியோ எடுத்து அனுப்புனது மாட்டுச்சு. மைக்கே வேண்டாம்டா. ஒரே வைஃபைல நாலு போன் இருக்கு, ஒருத்தர் தேடுனது இன்னொருத்தர் போன்லயும் விளம்பரமா வரலாம், உன் பையன் அம்மாவுக்காக அத தேடிருப்பான், அவன கேளு.

நீ எங்க போறன்னு நான் உக்காந்து பாத்துட்டு இருக்கறதா நெனைக்காத, எனக்கு தெரியறது ஓசூர்ல இத்தன பேர் பாத்தாங்கன்ற எண்ணிக்கை மட்டும்தான். நீயா ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி மாட்டிக்கிட்ட.

தொல்லை போகணும்னா விளம்பரத்து மூலைல குட்டியா ஒரு குறி இருக்கும், அத தொட்டு இது வேண்டாம்னு சொல்லிரு. விளம்பரத்த மட்டும் தொட்டுராத, ஒவ்வொரு தடவைக்கும் என் கணக்குல 6 ரூபா கழியுது. கோவத்துல எத்தன தடவ தொட்டன்னு எண்ணி வை, தீபாவளிக்கு வர்றப்ப வசூல் பண்ணிக்கறேன். அப்படியே அந்த கிரைண்டரயும் வண்டில தூக்கி போட்டுட்டு வா, ஓசூர்க்காரன் என்ன கல்லு போட்டு குடுத்திருக்கான்னு ஒரு தடவ பாக்கணும்.

உன் மச்சான்