வால்வை மாற்றும் முன் கண்டென்சரைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வால்வு எனப்படும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் பழைய ஆம்ப்ளிபயர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால், ஒலி கரகரத்தால் வால்வுகள் அனைத்தையும் மாற்றிவிட வேண்டும் என்று அதில் கூறியிருப்பது சரியல்ல. அதை நம்பிப் பலரும் வீணாகச் செலவு செய்யக்கூடும்.

குடியாத்தத்தில் என் தந்தையார் மைக் செட் வாடகைக்கு விட்டு வந்தார். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அவர் கொண்டுபோன, இரண்டு ஈஎல்34 வால்வுகள் உள்ள ஆம்ப்ளிபயர் இன்றும் என்னிடம் இருக்கிறது. சென்ற கோடையில், போட்டவுடன் சுத்தமாகப் பாடிய அந்த ஆம்ப்ளிபயரில், அரை மணி நேரம் ஆனதும் நாகசுரத்தின் மேல் சுரங்கள் பிசிறத் தொடங்கின. வலப்பக்க வால்வின் உள்தகடு அடுப்புக் கம்பிபோல் சிவந்து நின்றது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் இரண்டு வால்வுகளையும் மாற்றித் தந்தார்கள். இரண்டே வாரத்தில், அதே வலப்பக்கத்தில் புது வால்வும் சிவந்தது.

குற்றம் கப்ளிங் கண்டென்சரில் இருந்தது. முந்தைய வால்வின் ஆனோடில் (உள்தகட்டில்) உள்ள டிசி மின்சாரத்தைத் தடுத்து, ஒலியலையை மட்டும் அடுத்த வால்வின் கிரிடுக்கு (மின்சார ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலைக்கு) அனுப்புவதே அதன் வேலை. அந்தக் காலத்துக் காகிதக் கண்டென்சர்கள் ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் கசியும். சூடேற ஏறக் கசிவும் கூடும். ஆனோடில் 200 வோல்ட், கிரிட் ரெசிஸ்டர் 220 கிலோஓம் என்றால், கண்டென்சரின் தடை 10 மெகாஓமுக்கு இறங்கினாலே கிரிடில் 4 வோல்ட்டுக்கு மேல் ஏறிவிடும். வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும், ஒலி பிசிறும்.

கேத்தோடில் (வால்வின் எலக்ட்ரான் உமிழும் பகுதியில்) உள்ள ரெசிஸ்டரால் பயஸ் (வால்வின் ஓட்டத்தை அளவாக வைக்கும் மின்னழுத்தம்) பெறும் ஆம்ப்ளிபயர்களில் இதைக் கண்டறிய ஒரு மல்டிமீட்டர் போதும். மின்சாரத்தை நிறுத்திச் சந்தேகப்படும் வால்வை மட்டும் கழற்றிவிட்டு, மீண்டும் மின்சாரத்தைப் போட்டு நன்றாகச் சூடேறவிட்டு, காலியான சாக்கெட்டின் 5ஆம் பின்னுக்கும் (கிரிட்) சேசிசுக்கும் (உலோகச் சட்டம்) இடையே அளக்க வேண்டும். அங்கே பூஜ்யம் இருக்க வேண்டும், எனக்கு 3.8 வோல்ட் காட்டியது. வால்வு இல்லாதபோது பூஜ்யமாகவும், செருகியபின் வோல்ட் ஏறுவதாகவும் இருந்தால்தான் வால்வைக் குறை சொல்லலாம். இரு பக்கமும் 0.1 மைக்ரோபாரட், 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சர் போட்டேன். சிவந்துபோன அதே வால்வு இப்போது மணிக்கணக்கில் பிசிறின்றிப் பாடுகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும், டிசி மின்சாரத்தைச் சீராக்கும் பில்டர் கண்டென்சரில் 400 வோல்ட் வரை தங்கியிருக்கக்கூடும். அது உயிரைப் பறிக்கும். 10 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டரால் அதை வடித்து, வடிந்துவிட்டதை மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அடிமூடியைத் திறக்காமல், இந்தச் சோதனையை மெக்கானிக்கிடம் கேட்டுச் செய்வித்துக்கொள்ளட்டும். கட்டுரையைப் படித்த வாசகர்களுக்கு இதையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.