பெஞ்சின் இடது ஓரம்

கூடலூர்,
ஆகஸ்ட் 10

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மழை, கரண்ட் இல்லை என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம். நிஜக் காரணம் நோட்டுக் கட்டுதான். ஒன்பதாம் வகுப்பு ஆங்கில வழியில் 61 பிள்ளைகள். நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. நம் கணக்கு வாத்தியார் பாதி நோட்டில் வெறும் கையெழுத்துப் போட்டதற்கு எவ்வளவு திட்டியிருப்போம்!

வேடிக்கையைக் கேள். பக்கத்து அறை தமிழ் வழி. அங்கே 17 பேர். இரண்டையும் கூட்டி வகுத்தால் 39. உயர்நிலை வகுப்புக்கு 40 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று 1997-இல் வந்த 525-ஆம் அரசாணை சொல்கிறது. ஆக, காகிதத்தில் எங்களுக்குக் குறையே இல்லை! ஆகஸ்ட் 1 மாணவர் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது. இனி பணி நிரவல் என்று, ஆசிரியர் கூடுதலாக உள்ள பள்ளியிலிருந்து குறைவாக உள்ள பள்ளிக்கு மாற்றும்போது, எங்களிடமிருந்து யாரையும் தூக்காமல் இருந்தால் போதும். கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் 30, 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கெல்லாம் எட்டாம் வகுப்போடு சரி.

நெரிசலோ ஒன்பதில்தான் தொடங்குகிறது. சுற்றுவட்டார நடுநிலைப் பள்ளிகளை முடித்தவர்கள் எல்லாரும் இங்கேதான் வந்து சேர வேண்டும். பாதிப் பேர் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரன் பேத்திகள். தமிழ் வழியில் இடம் இருக்கிறதே என்று ஒரு அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நான் கொழுந்து பறிச்சது போதும் சார், இவளாவது இங்கிலீஷ்ல படிக்கட்டும்" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர். நனைந்த ஸ்வெட்டர் நாற்றம், மூடிய ஜன்னல், வராண்டா முழுக்கச் சொட்டும் குடைகள். ஒரு பையன் சரியாக எழுதுவதில்லை என்று ஜூனிலிருந்து கடிந்துகொண்டே இருந்தேன். போன வாரம்தான் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். இடது கைக்காரன். நடுவில் உட்கார்ந்திருந்ததால் அவன் முழங்கையும் பக்கத்துப் பையனின் வலது முழங்கையும் முட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. கடைசியில் நோட்டை மடியில் வைத்து எழுதப் பழகிவிட்டான். இரண்டு மாதம், செல்வம்! 20 பேர் இருந்திருந்தால் முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

பெஞ்சின் இடது ஓரத்துக்கு மாற்றினேன். அது ஜன்னல் பக்கம், சாரல் அடிக்கிறது. ஓர் உரச் சாக்கைக் கிழித்துக் கட்டியிருக்கிறோம். இப்போது கையெழுத்து பரவாயில்லை. பின்னங்கள்தான் இன்னும் தகராறு.

அப்புறம், அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன்னை விசாரித்தார். தசராக் கூட்டம் முடிந்ததும் மைசூரிலிருந்து கிளம்பி வா. ராத்திரி 9 மணிக்குப் பந்திப்பூரில் கேட்டை மூடிவிடுவார்கள், மதியமே பஸ் ஏறிவிடு. வரும்போது சிவப்புப் பேனா ஒரு டஜன் வாங்கி வா.

அன்புடன்,
ரவி